காந்தம் ஒட்டாத டாப்

பழைய கார் வாங்க வருகிறவர்களில், சட்டைப்பையில் காந்தம் போட்டுக்கொண்டு வருகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். பிறகு அந்தச் சின்னக் காந்தத்தை எடுத்து, கதவு, மட்கார்டு, டிக்கி என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்ப்பார்கள். தகரம் இருக்கிற இடத்தில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி போட்டு அடைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தால் வழுக்கிக்கொண்டு விழும். நாம் வாய் கிழியப் பேசினாலும் காந்தம் அதைக் காதில் வாங்காது. இனிக்க இனிக்கப் பேசத் தெரியாத என்னைப் போன்றவளுக்கு அந்த மாதிரி ஆள் வந்தால் கும்பிடத்தான் தோன்றும்.

பேச்செல்லாம் என் வீட்டுக்காரருடைய வேலையாக இருந்தது. காரிமங்கலத்துக்கு வெளியே ரோட்டை ஒட்டி எங்கள் ஷெட். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் தார்ப்பாயை மூடிக்கொண்டு நிற்கிற அம்பாசிடர், பத்மினி, பழைய ஜீப் இவற்றைத் தேடிப் பிடித்து வாங்கி, ஓடுகிற மாதிரி செய்து, பெங்களூர்க்காரர்களுக்கும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் விற்பார். "இந்த வண்டி மழையே பாத்ததில்லீங்க" என்று அவர் சொல்லும்போது, அந்த வண்டி கோழிக்கூடாக இருந்ததை அறிந்த நானே ஒரு நிமிஷம் நம்பிவிடுவேன். பொய்யென்று சொல்ல முடியாது, ஜோடனை. நான் டீ போடுவேன், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளோடு போனில் மல்லுக்கட்டுவேன், அவர் அடியில் படுத்திருக்கும்போது ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். இப்படியே வண்டியைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்துபோனது. வியாபாரத்தைப் பற்றித் தெரிந்தது அவர் அடிக்கடி சொல்லும் ஒரே ஒரு விதிதான். வண்டியை நமக்கு விற்றவரும் நம்மிடம் வாங்குகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூடாது. பார்த்தால் வாங்குகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "நீங்க எவ்ளோவுக்குக் குடுத்தீங்க?" என்பதாகத்தான் இருக்கும். அதோடு நம் பிழைப்பு முடிந்தது என்பார்.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே குழாயடியில் சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் திரும்பியது. உயிர் மிஞ்சியதே பெரிது என்று நான் கும்பிடாத சாமி கிடையாது. ஆனால் மிஞ்சிய உயிர் வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சோறு ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டார். என்ன செய்தும் ஆகாமல் ஒருநாள் ஆட்டோவில் ஏற்றி ஷெட்டுக்குக் கூட்டிப்போய், அவருடைய பழைய நாற்காலியில் உட்கார வைத்தேன். கிரீஸ் வாசனை பட்டதும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மத்தியானம் தட்டில் போட்ட களியை இடது கையால் தானே பிட்டுச் சாப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் ஷெட்டுக்குத்தான். வீட்டில் நோயாளி, ஷெட்டில் வீட்டுக்காரர். எனக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

ஷெட்டில் அப்போது நின்றவை மூன்று வண்டிகள். இன்ஜின் இறக்கிய பத்மினி ஒன்று, பிரேக் பிடிக்காத ஜீப் ஒன்று, அப்புறம் ஒரு வெள்ளை அம்பாசிடர். அம்பாசிடரை அவர் சாய்வதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கடத்தூர்ப் பக்கத்திலிருந்து வாங்கி வந்திருந்தார்.

என் கொழுந்தனார் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். நல்ல மனுஷர். ஆசுபத்திரிச் செலவில் பாதி அவருடையது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மூன்று வண்டிகளையும் எடைக்குப் போட்டுவிடலாம், தை பிறந்ததும் ஷெட்டை டயர் கடைக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விடலாம், மாசம் பிறந்தால் கைக்குக் காசு வரும் என்றார். நானே விற்றுப் பார்க்கிறேன் என்றேன்.

"விக்கறத யாரு வேணா வித்துரலாங்க அண்ணி. இருக்கறது மூணு வண்டி. அது தீந்தா அடுத்த வண்டிக்கு எங்க போவீங்க? அண்ணன நம்பி குடுத்தாங்க. உங்கள நம்பி எவன் வண்டி குடுப்பான்?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் ஷெட் போனால் இவர் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார் என்று மட்டும் தெரிந்தது. தை பிறக்கட்டும், அதுவரைக்கும் விடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வியாபாரத்தில் இறங்கிய பிறகுதான் என்னுடைய வாய் எப்படிப்பட்டது என்று எனக்கே தெரிந்தது. அது குறையைத்தான் முதலில் சொல்லும். எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளைக்கு வழுக்கை. அதை மறைத்து விக் வைத்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மறுவீட்டு விருந்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தபோது குட்டு வெளிப்பட்டு, பந்தியில் பாதி எழுந்து போனது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் வழுக்கைக்கு ஒரு பெண் வந்திருக்காதா? பின்னால் பேச்சு வரக்கூடாது என்றால் முன்னால் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

முதலில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அம்பாசிடரைப் பார்க்க வந்தார். வந்ததும், "வூட்டுக்காரரு இல்லீங்களா?" என்று கேட்டார். அதோ உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டினேன். அவரிடம் போய் என்னென்னவோ கேட்டார். பதில் வராததைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார். நான் ஆரம்பித்தேன். இடது பக்க முன் மட்கார்டில் பட்டி இருக்கிறது, டிக்கியின் அடித்தகரமும் பட்டிதான், இரண்டாவது கியர் விழும்போது ஒரு முனகல் முனகும், பின்சீட்டு ஸ்பிரிங் குத்தும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏங்க, நீங்க இந்த வண்டிய விக்கறீங்களா, வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் போனார், ஆனால் போய்விட்டார். நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் இடது கையால் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். அடுத்து வந்த ஒன்றிரண்டு பேரும் அதே மாதிரிதான் போனார்கள்.

மார்கழியில் பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினார். நான் பிறந்தது மாரண்டஹள்ளிப் பக்கம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் கன்னடம், பாதி வீட்டில் தெலுங்கு. நான் கன்னடத்தில் பதில் சொன்னதும் அவருக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். உயரமான ஆள், தலை நரைத்தவர். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவராம். ஷெட்டுக்குள் வந்ததும் என் வீட்டுக்காரருக்கு ஒரு வணக்கம் வைத்தார். அவர் பேச முடியாதவர் என்று தெரிந்ததும், பேச முடிகிற ஆளிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே இரண்டு வார்த்தை பேசினார். அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு பானெட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஆள் வருவதற்கு முன்னாலேயே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்து, சட்டென்று ஸ்டார்ட் ஆவது போலக் காட்டுவது இந்தத் தொழிலில் உண்டு. நான் அதைச் செய்யவில்லை. சில்லென்று இருந்தது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தார், இரண்டாவது முறையில் பிடித்துக்கொண்டது. திருப்தியாகத் தலையாட்டினார். நான் வழக்கம் போல மட்கார்டு, டிக்கி, கியர், ஸ்பிரிங் என்று என் பாட்டைப் பாடினேன். "மத்ததெல்லாம் தகரம். வெச்சுப் பாத்துக்கங்க" என்று முடித்தேன்.

அவர் பையிலிருந்து காந்தம் வந்தது. மட்கார்டில் வழுக்கியது, டிக்கியில் வழுக்கியது. கதவு நான்கிலும் ஒட்டியது, பானெட்டில் ஒட்டியது. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தீர்களா, என் வழியும் ஒரு வழிதான் என்கிற பார்வை. அவர் முகம் மட்டும் சரியில்லாமல் இருந்தது.

வந்தவர் நல்ல உயரம் என்று சொன்னேன் அல்லவா. எல்லாம் முடிந்து திரும்புகிறவர், போகிற போக்கில் கையைத் தூக்கிக் காந்தத்தை வண்டியின் டாப்பில் வைத்தார். அது முன்கண்ணாடி வழியாக வழுக்கிக்கொண்டு வந்து பானெட்டில் குதித்துத் தரையில் விழுந்தது. எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார். அதுவும் விழுந்தது. டாப்பின் நடுப்பகுதி முழுக்கப் பட்டி.

"இதேனம்மா?" என்றார். இது என்னம்மா என்று கேட்கிறார்.

மட்கார்டில் பட்டி இருந்தால் யாரோ இடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டாப்பில் பட்டி இருந்தால் இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வண்டி உருண்டிருக்கிறது. உருண்ட வண்டியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், நேராக இருக்காது, எவ்வளவு நிமிர்த்தினாலும் ஓட்டத்தில் ஒரு பக்கமாக இழுக்கும். அதைவிட, உருண்டபோது உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அந்த வண்டியில் பெண்டு பிள்ளைகளை ஏற்ற யாருக்கும் மனசு வராது. அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். காந்தத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன். அவர் நாற்காலியிலேயே துடித்துப்போனார். வாயில் ஏதோ சத்தம் வந்தது. இடது கையால் தன் உச்சந்தலையைத் தட்டினார், பிறகு வானத்தைக் காட்டினார், பிறகு நெற்றியையும் நெஞ்சையும் தொட்டார். மறுபடி மறுபடி அதையே செய்தார். எல்லாம் நம் தலையெழுத்து, மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்கிறாராக்கும் என்று எனக்கு இன்னும் எரிந்தது.

தர்மபுரியில் எங்கள் வண்டிகளுக்கு டிங்கரிங் வேலை பார்க்கும் பாய்க்குப் போன் போட்டேன். "டாப்ப நான் தொடவே இல்லம்மா. மட்கார்டு, டிக்கி ரெண்டுந்தான் என் வேலை. டாப்பு வரும்போதே அப்படித்தான் வந்துச்சு" என்றார். அப்படியானால் விற்றவரைத்தான் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரரின் போனில் மனிதர்களுக்குப் பெயரே கிடையாது, வண்டிதான் பெயர். 'கடத்தூர் வெள்ளை' என்று தேடி எடுத்துப் போன் போட்டேன். அவர் கிழங்குக் காட்டில் இருந்தார். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் விஷயத்தைச் சொன்னேன்.

"டாப்பா? அது மாதா நின்ன எடமுங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னங்க என்று கத்தினேன்.

"போன்ல சொன்னா கத வுடற மாதிரி இருக்கும். அவர செத்த இருக்கச் சொல்லுங்க. நான் நேர்ல வந்தர்றேன்."

அப்போதுதான் அந்த விதி ஞாபகம் வந்தது. விற்றவரும் வாங்குகிறவரும் பார்த்துக்கொள்ளக் கூடாது. வராதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டியைப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தேன், இன்னமும் உச்சந்தலையைத் தட்டிக்கொண்டிருந்தார். வராவிட்டால் இந்த வண்டி உருண்ட வண்டியாகவே எடைக்குப் போகும். வந்தால் ஒருவேளை என் லாபம் போகும். "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

பெங்களூர்க்காரர் இருக்கிறேன் என்றார். எனக்காக இருந்தாரா, அந்த வண்டியின் மேல் இருந்த ஆசையில் இருந்தாரா தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்த மனுஷர் அன்று காத்திருந்ததற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். மத்தியானம் எங்களோடு சாப்பிட்டார். களியையும் கீரைக் குழம்பையும் பார்த்ததும், "நம்ம முத்தெ" என்று களியைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டில் ஏற்கெனவே பழைய வண்டிகள் நிற்கின்றனவாம், நான்காவதாக ஒன்று வந்தால் நீயும் வண்டியோடு ரோட்டில்தான் படுக்க வேண்டும் என்று மனைவி சொல்லியிருக்கிறாராம். "அப்ப ஏன் வந்தீங்க?" என்றேன். "கேட்டா வேண்டாம்னு சொல்லுவா. கேக்கல" என்றார். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்து களி புரையேறியது.

கடத்தூர்க்காரர் தர்மபுரி வந்து பஸ் மாறி வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் வயசுதான் இருக்கும். கிழங்குக் காட்டிலிருந்து அப்படியே வருவார் என்று நினைத்தேன், குளித்துவிட்டு, கோயிலுக்குப் போடுகிற இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். நேராக என் வீட்டுக்காரரிடம் போய் அவருடைய வராத கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். விஷயம் கேள்விப்பட்டேன், வந்து பார்க்க முடியவில்லை என்றார். பிறகுதான் வண்டியிடம் வந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் கன்னடத்தில் பெங்களூர்க்காரருக்குச் சொன்னேன்.

"எங்க ஊரு மாதா கோயில் திருநாளுங்க. தேர் சுத்தி வர்ற நேரம், அச்சு ஒடிஞ்சுபோச்சு. சனமெல்லாம் மெழுகுவத்தியோட நிக்குது. சாமியார் செபம் சொல்லி ஆரம்பிச்சுட்டாரு. மாதாவ மறுபடி உள்ள எடுத்துட்டுப் போறதான்னு எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. பக்கத்துல என் வண்டி நின்னுது. ஆசாரி ஒருத்தர் கட்டையில ஒரு சட்டம் அடிச்சு, டாப்போட ஓரத்துல இரும்புக் கொக்கி போட்டு முறுக்கி, அதும்மேல மாதா செலைய, அந்தச் சுரூபத்த, வெச்சாங்க. வண்டி நகந்தா சுரூபம் ஆடுது. அதனால புடிச்சுக்கறதுக்குப் பசங்க நாலு பேரு மேல ஏறி நின்னுக்கிட்டாங்க."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மாதா கனமில்லீங்க. பசங்கதான் கனம்" என்றார்.

ஊரெல்லாம் சுற்றி வந்து கோயிலில் இறக்கினார்களாம். காலையில் பார்த்தால் டாப் தொட்டி மாதிரி உள்ளே இறங்கியிருந்ததாம். "மழ பேஞ்சா தண்ணி நிக்கும். குருவி வந்து குளிக்கும். ரொம்ப நாளு அப்படியேதான் ஓட்டினேன். பொறவு பொண்ணு கல்யாணத்துக்கு வண்டி பாக்க நல்லாருக்கணும்னு, பள்ளத்துல பட்டிய ரொப்பி நெரவச் சொல்லிட்டேன்."

அதோடு விடவில்லை. பெங்களூர்க்காரரின் கையைப் பிடித்துத் தூக்கி, மழைத் தண்ணீர் வடிவதற்காக டாப்பின் ஓரமாக ஓடுகிற தகர விளிம்பில் வைத்தார். நான்கு இடத்தில் கொக்கி கடித்த தடம் இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நேருக்கு நேர். பெங்களூர்க்காரர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அப்புறம் தானாகவே நான்கு கதவுகளையும் திறந்து திறந்து சாத்தினார். உருண்ட வண்டியில் தூண்கள் கோணிப்போகும், கதவு இடிக்கும். இதில் எல்லாமே சொன்ன பேச்சுக் கேட்டுச் சாத்திக்கொண்டன.

"இத்தையெல்லாம் வாங்கறப்பவே அண்ணங்கிட்ட சொல்லிட்டனேங்க" என்றார் கடத்தூர்க்காரர்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இந்த முறை மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, உச்சந்தலையைத் தட்டினார். அது டாப். மேலே காட்டினார். அது மாதா. நெற்றியையும் நெஞ்சையும் தொட்டார். அது சிலுவை போடுவது. அத்தனையையும் நான்தான் தலையெழுத்து என்று படித்திருக்கிறேன். அவர் ஒரு பக்க வாயால் சிரிக்கத் தொடங்கினார், நானும் சிரித்தேன், பாதிச் சிரிப்பிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் பெங்களூர்க்காரர் தன் தமிழில் அந்தக் கேள்வியைக் கேட்டார். கெட்ட மனசில்லை, பழக்கம். யாராக இருந்தாலும் கேட்பார்கள்.

"நீங்க எவ்ளோக்கு குட்த்தீங்க?"

கடத்தூர்க்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவசரப்படாமல் சொன்னார்.

"அது எனக்கும் அண்ணனுக்கும் நடந்ததுங்க. இது உங்களுக்கும் அம்மாவுக்கும் நடக்கறது. நான் டாப்ப பத்திச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு, "நீங்க வெல பேசுங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார். விற்ற வண்டி இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை யாருக்கு இருக்காது? அவருக்கும் இருந்திருக்கும். காதில் விழாத தூரத்துக்கு எழுந்து போனார். எத்தனையோ பேர் எனக்கு உதவியிருக்கிறார்கள், கை கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரி எழுந்து போய் உதவியவர் இவர் ஒருவர்தான்.

பேரம் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றேன் நான். "இல்லம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் அவர். இப்படியே கொஞ்ச நேரம் போனது. என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் நாற்காலியின் கையைத் தட்டினார். நான் ஒரு விலை சொன்னேன், அவர் ஒரு விலை சொன்னார், இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் நடுவில் வந்து நின்றோம். ஒரு வாரத்தில் பேப்பரெல்லாம் முடித்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கிளம்பும் முன் டீக்கடைக்கே போய், டாப்பைத் தட்டி நிமிர்த்திச் சரி செய்துகொள்ளலாமா, உங்களுக்கு வருத்தம் இல்லையே என்று கடத்தூர்க்காரரிடம் கேட்டார். "தாராளமா பண்ணிக்குங்க. மாதா எறங்கி எத்தினியோ வருசமாச்சு" என்றார் அவர். இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு டீ குடித்தார்கள்.

பெங்களூர்க்காரர் போன பிறகு கடத்தூர்க்காரர் ஷெட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிழங்கு விலை, மழை, போர்வெல் என்று அவர்பாட்டுக்குப் பேசினார். வண்டியை விற்றுப் பணத்தையும் வாங்கி எப்போதோ முடித்துக்கொண்டவர், ஏன் இவ்வளவு தூரம் வேலையைப் போட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"என் வண்டிய உருண்ட வண்டின்னு ஒருத்தர் நெனச்சுக்கிட்டுப் போறதா? அத வெச்சுக்கிட்டு எனக்குச் சோறு எறங்காதுங்க" என்றார். பஸ்ஸுக்குக் காசு கொடுக்கப் போனேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எழுந்து செருப்பைப் போட்டவர், ஏதோ மறந்ததைச் சொல்கிற மாதிரி திரும்பி நின்றார்.

"எங்க மாதா கோயில் பங்குல ஒருத்தரு வூட்டுப் பின்னால ஒரு வண்டி நிக்குதுங்க. பழைய மாடல். கேக்க வர்றவங்க கிட்டயெல்லாம் குடுக்க மாட்டேன்னுட்டாரு. நான் சொல்லி வெக்கறேன். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வாங்க."

"நானுங்களா?" என்றேன்.

"பின்ன வேற யாரு?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறப் போனார்.

கொழுந்தனாருக்குப் போன் செய்து அம்பாசிடர் விலை போன கதையைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். ஆனால் ஒரு வண்டி போனதால் ஒன்றும் மாறிவிடவில்லை என்று அவருக்குத் தோன்றியது, அதில் தப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டயர் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டை அளந்து பார்க்க வருவதாகச் சொன்னார். எனக்கு வேறு வேலை இருக்கிறது, அண்ணனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கடத்தூர் போய், அங்கிருந்து ஊருக்குள் போனேன். வண்டியின் சொந்தக்காரரும் அவர் மனைவியும் பூசைக்குப் போய்வந்த உடுப்பை மாற்றாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். கோயிலிலிருந்து திரும்புகிற சனம் என்ன ஏது என்று வேலியோரம் நின்றது. கடத்தூர்க்காரர், "காரிமங்கலத்து ஷெட்டுக்காரம்மா" என்று சொன்னார். வேறு விளக்கம் கொடுக்கவில்லை. கொட்டகையின் கீழ் வண்டி நின்றது. கறுப்பு அம்பாசிடர், மேலெல்லாம் வைக்கோல் தூசு. சுற்றி வந்து பார்த்தேன். பானெட்டைத் திறந்து பார்த்தேன். மேலே பார்த்தால் போதாது, சேசிஸைப் பார்க்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் எப்படி என்று ஒரு நொடி தயங்கினேன். அந்த வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனேன்.

துரு இருந்தது, ஆனால் மேலோட்டமானதுதான். சேசிஸ் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கொழுந்தனார்.

"அண்ணி, டயர் கடைக்காரரு டேப்போட நிக்கறாரு. அண்ணன் நாற்காலிய வுட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. நகத்தவும் வுட மாட்டேங்கறாரு. நீங்க எங்க இருக்கீங்க?"

"கடத்தூர்ப் பக்கம். ஒரு அம்பாசிடருக்கு அடியில படுத்திருக்கறேன்."

"யாரு வண்டி?"

"எனக்குக் குடுக்கறேன்னு கூப்பிட்டிருக்காங்க. டயர் கடைக்காரர வேற எடம் பாத்துக்கச் சொல்லிருங்க."

டயர் கடைக்காரரிடம் என்னவோ சொல்கிற குரல் தூரத்தில் கேட்டது. பிறகு திரும்பிப் போனுக்கு வந்தார்.

"வண்டி எப்பிடிங்க அண்ணி இருக்குது?"

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அந்தக் கேள்வியை அவர் தன் அண்ணனிடம் மட்டும்தான் கேட்டு வந்தார்.